மந்திரித்த ஆறு பாட்டில்

அமல்ராஜ் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், கமலத்தின் கல்யாணப் பட்டுக்கும் பழைய போர்வைகளுக்கும் நடுவே, ஆறு பாட்டில் பிரெஞ்சு ஒயின் பல வருடமாகப் படுத்துக் கிடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த வால்வு கம்பெனிக்கு வருடம் ஒருமுறை பிரான்சிலிருந்து ஓர் இன்ஜினியர் மெஷின் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் தன் ஊரான போர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயினில் ஒரு பாட்டில் கொண்டுவந்து அமல்ராஜ் கையில் கொடுத்து, அவசரப்பட்டுத் திறந்துவிடாதே, பதினைந்து வருடம் போகட்டும் என்பார். அமல்ராஜ் சொன்ன சொல்லைக் கேட்கிறவர். கிறிஸ்துமஸ்தோறும் கமலம் கேக்குக்கு அரை டம்ளர் கேட்டுப் பார்ப்பாள், கிடைக்காது. இன்ஜினியர் ஓய்வு பெற்றார். அமல்ராஜும் ஓய்வு பெற்றார். கம்பெனியே ஊரைக் காலி செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டது. பாட்டில்கள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன.

கடைசி பாட்டிலுக்கும் கெடு முடிந்த வருடம், அதைத் தனியாகக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை. நல்லதைப் பகிர்ந்து உண்ண வேண்டும் என்று கோயிலில் கேட்டதை வீட்டில் செய்து பார்க்கிற சிலரில் அவரும் ஒருவர். ஆகவே தன் அன்பியத்தில் அறிவித்தார். அன்பியம் என்பது ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீடுகளின் ஜெபக் கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை மாலை தன் வீட்டில் சாப்பாடு என்றும், சாப்பாட்டோடு ஆறு ஒயினையும் முறைப்படி ருசி பார்ப்பது என்றும் அவர் சொன்னபோது, பெரும்பாலான வீடுகள் அன்றைக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டன. வருகிறோம் என்று சொன்னவர்கள் நான்கு பேர்தான். அதில் ஜாபஸும் அவன் மனைவி ஹெலினாவும் இரண்டு பேர்.

ஜாபஸ் வருகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவர்கள் அந்த அன்பியத்துக்குப் புதிது. போன ஈஸ்டர் தவக்காலத்துக்கு முன்புதான் குமணன்சாவடியிலிருந்து அம்பத்தூருக்கு வந்திருந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், எஸ்டேட்டில் இருக்கிற டூல் ரூம் வேலைக்குப் பக்கம் என்று ஜாபஸ் சொன்னான். அது உண்மை. குமணன்சாவடி சந்திப்பில் இருந்த பார் அவன் பழைய வீட்டுக்கு அதைவிடப் பக்கம் என்பதும் உண்மை. அதை அவன் சொல்லவில்லை. மூன்று முறை குடியை விட்டு, மூன்று முறையும் திரும்பப் பிடித்துக்கொண்டவன் அவன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாயில்தான் தொடங்கியது. நான்காம் முறை விட்டபோது ஹெலினா கத்தவில்லை, அழவில்லை. இன்னொரு தடவை என்றால் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று, காஸ் தீரப் போகிறது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரல் அவனுக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டும் தொடவில்லை.

ஆனால் அமல்ராஜ் நேரில் வந்து கூப்பிட்டார். கையில் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கல் டப்பாவோடு வந்து, புதிதாக வந்த குடும்பம் நீங்கள் இல்லாமல் எப்படி என்று கேட்டார். ஹெலினா ஜாபஸைப் பார்த்தாள். ஜாபஸ் கல்கல் டப்பாவைப் பார்த்தான். அப்புறம் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் வேண்டாமென்றிருக்கிறார் என்று சொல்லிவிடுவது. சின்னப் பொய்தான். ஆனால் அது செல்லுபடியாகாமல் போகும் என்று இருவரும் நினைக்கவில்லை.

செல்லாமல் போனதற்குக் காரணம் பங்குச் சாமியார் கிருபாகரன். ஃபாதருக்கு விஷயம் தெரிந்ததும், அந்தச் சனிக்கிழமை ஏசுவின் சீடர் அருளப்பர் திருநாள், அன்றைக்குத் திராட்சை ரசத்தை ஜெபம் சொல்லி மந்திரிப்பது திருச்சபையின் பழைய வழக்கம், நானே வந்து மந்திரிக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி ஆறரைக்கெல்லாம் வந்தும் விட்டார்.

கூடத்தில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. மூலையில் கிறிஸ்துமஸ் குடில், அதில் மாட்டுக்குப் பின்னால் சீரியல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஐ.டி. வேலையிலிருக்கும் அமல்ராஜின் மகன் பாபு, நெட்டில் பார்த்து எல்லா ஏற்பாட்டையும் செய்திருந்தான். பழைய ஒயின் சாப்பிடுமுன் காற்று வாங்க வேண்டும் என்று ஆறு பாட்டிலையும் முன்கூட்டியே திறந்துவிட்டான். கார்க்குகள் மக்கிப்போய் உள்ளே உதிர்ந்திருந்தன. கமலம் டீ வடிகட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வடித்து, ஆறு கண்ணாடி ஜக்கில் ஊற்றிவைத்தாள்.

ஃபாதர் ஆறு ஜக்குக்கும் நேராகக் கை நீட்டி ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். அருளப்பருக்குப் பகைவர்கள் விஷம் கலந்த ரசத்தைக் கொடுத்தார்கள் என்றும், அவர் அதன்மேல் சிலுவை போட்டுக் குடித்தபோது அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றும் பாரம்பரியக் கதையைச் சொன்னார். பிறகு மாங்காட்டில் ஒரு புதுவீடு மந்திரிக்க வேண்டும் என்று ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் சிக்கலே ஆரம்பமாயிற்று.

மேஜையைச் சுற்றி ஏழு பேர். ஒரு பக்கம் அமல்ராஜ், கமலம், பாபு. எதிர்ப்பக்கம் ஜாபஸ், அவனுக்கு இடது கைப்பக்கம் பேபியம்மா. மேஜையின் ஒரு முனையில் ஹெலினா, மறுமுனையில் ராயப்பன். ராயப்பன் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் சில்லறை இல்லாதவனைத் தேடிப் பிடிக்கிற கண் இன்னும் போகவில்லை. பேபியம்மா அன்பியத் தலைவி. தெருமுனையில் நைட்டியும் பாவாடையும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஜெபமாலைக்கு நடுவே யாராவது போனைப் பார்த்தால் அந்த மணியிலேயே நிறுத்திவிட்டு, அவர்கள் போனை உள்ளே வைக்கும்வரை காத்திருப்பார். தவக்காலத்தில் அன்பியத்தில் சுண்டலுக்குத் தேங்காய் போடக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான்.

பாபு எழுந்து முறையை விளக்கினான். முதலில் நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் கோப்பையைச் சுற்ற வேண்டும். அப்புறம் கண்ணை நன்றாக மூடிக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை முகர வேண்டும்; கண் திறந்திருந்தால் மூக்கு வேலை செய்யாது. அப்புறம் ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, விரும்பினால் துப்பிவிடலாம். அதற்காக மேஜை நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்திருந்தான்.

“துப்பறதா?” என்றார் பேபியம்மா.

வெளிநாட்டில் அப்படித்தான் என்றான் பாபு.

“வெளிநாட்ல இன்னா வேணா பண்ணட்டும். சாமியாரு மந்திரிச்சுட்டுப் போயிருக்காரு. மந்திரிச்சதைத் துப்பக் கூடாது. கீழயும் ஊத்தக் கூடாது. ஊத்தினது ஊத்தினவங்க வயித்துக்குத்தான் போவணும்.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குருத்தோலை காய்ந்தால்கூடக் குப்பையில் போடாமல் அடுத்த வருடம் நெற்றியில் பூசும் சாம்பலுக்கு எடுத்துவைக்கிறவர்கள் அவர்கள். கமலம் பேசினை எடுத்துக்கொண்டு போய் அதில் வெங்காயப் பச்சடி கொண்டுவந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஜாபஸ் தன் மாத்திரையைப் பற்றிச் சொன்னான். சொன்னதும் ராயப்பன் சிரித்தார். தானும்தான் மாத்திரை போடுவதாகவும், காலையில் சுகருக்கு ரெண்டு, ராத்திரி பிரஷருக்கு ஒன்று என்றும், இந்த மேஜையில் மாத்திரை போடாதவன் பாபு ஒருத்தன்தான் என்றும் சொன்னார். அமல்ராஜ் அன்பாக, மந்திரித்தது ஒன்றும் செய்யாது தம்பி, கொஞ்சமாக ஊற்றுகிறேன் என்றார். கொஞ்சமாகவே ஊற்றினார். கால் கோப்பை இருக்கும்.

ஜாபஸ் அந்தக் கோப்பையைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் பங்குக் காலண்டர் தொங்கியது. அதில் டிசம்பர் மாதத்துப் புனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். அவர்களை முதல் தேதியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

முதல் ஒயினின் பெயர் மெதோக் என்று பாபு போனைப் பார்த்துப் படித்தான். எல்லோரும் கோப்பையைச் சுற்றினார்கள். கண்ணை மூடினார்கள். ஜாபஸ் மட்டும் மூடவில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோகாதவனுக்குக் கண்ணை மூடி என்ன வேலை? ஆகவே அந்தக் கூடத்தில் நடந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

இடது பக்கமிருந்து ஒரு கை வந்தது. நரம்பு புடைத்த, விரல்நுனியில் ஊசித் தழும்பு இருக்கிற கை. அது அவன் கோப்பையை எடுத்தது. அதிலிருந்ததைத் தன் கோப்பையில் ஊற்றியது. காலிக் கோப்பையை இருந்த இடத்திலேயே, விரிப்பில் சத்தம் வராமல் வைத்தது. ஜாபஸ் திரும்பிப் பார்த்தான். பேபியம்மா கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் நற்கருணை வாங்கின முகத்தோடு முகர்ந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் கண்ணைத் திறந்து ஒரு வாய் குடித்தார்கள். அமல்ராஜ் பதினைந்து வருடம் காத்திருந்தவர். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ராயப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“மச்சான், அருளப்பருக்கு இன்னா குட்த்தாங்கன்னு எனுக்கு இப்பத்தான் புரியுது.”

புளித்துப் போயிருந்தது. ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீருக்கு மரியாதையான சட்டை போட்டதுபோல இருந்தது. ஆனால் துப்ப முடியாது. ஊற்றவும் முடியாது. மட்டன் குழம்பைத் தொட்டுக்கொண்டு, இடியாப்பத்தை நடுவில் அடைத்து, எல்லோரும் மருந்துபோல விழுங்கினார்கள். பேபியம்மா எல்லோரையும்விட இரு மடங்கு விழுங்கினார். முகம் சுளிக்கவில்லை.

அமல்ராஜின் கண் மேஜையைச் சுற்றி வந்து ஜாபஸின் காலிக் கோப்பையில் நின்றது. பார்த்தீர்களா, தம்பி ஒரு பேச்சுப் பேசாமல் முடித்துவிட்டார், ருசி தெரிந்த ஆள் என்று மனமுருகிச் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

“நல்லா அடங்கி இருக்குங்க” என்றான் ஜாபஸ்.

அது சரியான வார்த்தை என்று பாபு சொன்னான்.

ஹெலினாவும் அந்தக் காலிக் கோப்பையைப் பார்த்தாள். மேஜையின் முனையில் இருந்தவளுக்கு ஜாபஸின் இடது பக்கத்துக் கோப்பையில் மட்டம் ஏறியிருந்தது தெரியவில்லை. கண்ணை மூடும்போது ஒயின் இருந்த கோப்பை, திறக்கும்போது காலி. அவளுக்கு அந்தக் கணக்குப் பழக்கமானது. ஜாபஸ் அவளைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினான். பழைய நாட்களிலும் அவன் அப்படித்தான் ஆட்டுவான். அவள் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது, கிராவ் என்கிற பகுதியிலிருந்து வந்தது. இது புளிக்கவில்லை. தேவதாரு மர வாசனை வரவேண்டும் என்று பாபு படித்தான். வருகிறது, வருகிறது என்றார் அமல்ராஜ். அது தன் அந்துருண்டை வாசனை என்றாள் கமலம். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அதில் சிறு வாக்குவாதம் நடந்தது. அதற்கிடையில் மறுபடி கண்ணை மூடச் சொன்னபோது அந்தக் கை மறுபடி வந்தது. ஜாபஸ் வாய்க்குள்ளேயே வேண்டாம்மா என்றான். பேபியம்மா கண்ணைத் திறக்காமல், தாகமா இருக்கு தம்பி என்றார்.

ஹெலினா தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெயர் போயாக். அதை ஊற்றும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் இரண்டும் பழுப்புத் தட்டியிருந்தன. இது மாதுளைத் தோலின் நிறத்தில், விளிம்பில் மட்டும் செங்கல் பூத்தாற்போல இருந்தது. முகராமலே வாசனை மேஜைமேல் எழுந்து நடந்தது. முற்றிப் பழுத்த நாவல் பழம், சீவிய பென்சில், சாம்பிராணி டப்பாவைத் திறந்தவுடன் வருமே அது, அதற்கும் அடியில் முதல் மழை விழுந்த மண். அந்தப் பிரெஞ்சு இன்ஜினியர் பொய் சொல்லியிருக்கவில்லை.

ஜாபஸ் காலண்டரில் பதின்மூன்றாம் தேதியில் இருந்தான். புனித லூசியாள். லூசியாளைத் தாண்டி அவனால் போக முடியவில்லை. வாசனை அவன் உத்தரவைக் கேட்காமல் மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஹெலினாவும் மூடியிருந்தாள், அவள் வேறு எதற்கோ மூடியிருந்தாள். ஏற்கெனவே குடித்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், அவளும் நினைக்கிறாள், குடிக்காததற்கு இனி யார் சாட்சி என்று அவனுக்குள்ளேயே ஒருவன் நியாயமாகப் பேசினான். அந்த ஆள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவான். ஜாபஸின் விரல்கள் கோப்பையின் தண்டைத் தொட்டன.

பேபியம்மாவின் கை அவன் விரல்மேல் வந்தது. இழுக்கவில்லை. அழுத்தவில்லை. கடையில் துணியைத் தடவிப் பார்க்கிற வாடிக்கையாளரின் கையை எடுத்து ஓரமாக வைப்பதுபோல, அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பின்மேல் வைத்தார். பிறகு கோப்பையைக் கொண்டுபோனார்.

நான்காவது ஒயின் வந்தபோது பேபியம்மாவின் காதோரம் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பு தோளைவிட்டு வழுவியதை அவர் கவனிக்கவில்லை. பச்சடியை எடுக்கப் போன கரண்டி, பச்சடிக்குப் பக்கத்தில் விரிப்பில் இரண்டு முறை இறங்கியது. மூன்றாவது முறை ராயப்பனின் கண்டக்டர் கண் அதைப் பிடித்துவிட்டது.

இனி அன்பியத்தில் சுண்டலுக்குத் தேங்காய் வேண்டாம், பேபியம்மாவுக்கு ஒரு குவார்ட்டர் போதும் என்றார் ராயப்பன். பாபு சிரித்தான். போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். குரூப்பில் போடலாமென்று சொல்லிக்கொண்டே. பேபியம்மா நிமிர்ந்து உட்கார முயன்றார். அந்த முயற்சியும் வீடியோவில் பதிவாயிற்று. கமலம் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. தவக்காலச் சட்டமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்போல என்று பச்சடிப் பேசினிடம் சொன்னாள். பேபியம்மா ஜாபஸ் பக்கம் திரும்பவேயில்லை.

அதே நேரத்தில் ஹெலினா எழுந்தாள். கை கழுவிக்கொண்டு வந்தாள். தலைவலி, வீட்டுக்குப் போகிறேன் என்று கமலத்திடம் சொன்னாள். காஸ் தீரப் போகிறது என்ற அந்தக் குரல்.

அமல்ராஜ் ஐந்தாவது ஜக்கைச் சாய்த்து ஜாபஸின் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜாபஸ் கோப்பையின் வாயைக் கையால் மூடினான். ஒயின் அவன் புறங்கையில் விழுந்து விரிப்பில் பரவியது. அன்றைக்குக் கீழே சிந்திய மந்திரித்த ரசம் அது ஒன்றுதான்.

“பாபு, போனைக் கீழ வைப்பா” என்றான். “அந்தம்மா குடிச்சதுல பாதி என்னோடது. நான் மாத்திரை எதுவும் சாப்பிடல. நான் குடிகாரன். ஒரு வாய் உள்ள போச்சுன்னா நாலு நாள் ஊட்டுக்கு வர மாட்டேன். இவங்க எப்படியோ கண்டுகினாங்க. நாலு தடவையும் என் கிளாஸை எடுத்து ஊத்திக்கினாங்க.”

குடிலில் விளக்கு அணைந்து எரிந்தது. அமல்ராஜ் ஜக்கைச் சாய்த்தபடியே நின்றார். யாரோ அவர் கையை நிமிர்த்தினார்கள்.

ஹெலினா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். ஜாபஸின் நாற்காலியருகே நின்று, குனிந்து, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள். குமணன்சாவடி வீட்டு வாசலில் அவள் தினமும் செய்த வேலை; நாலு பேர் முன்னால் செய்தது இதுவே முதல். அன்று அந்த மேஜையில் நடந்த முகர்தல்களில் அதுதான் மிகவும் கவனமானது. எல்லோரும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

“மட்டன் கொழம்பு” என்றாள் ஹெலினா. பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஆறிப்போன இடியாப்பத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். பாபு போனில் எதையோ அழித்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் போட்டான். அவனை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. கமலம் சமையலறைக்குப் போய்ப் பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்து ஜாபஸ் முன்னால் ஒரு டம்ளரும் பேபியம்மா முன்னால் ஒரு டம்ளரும் வைத்தாள். வழுவிக் கிடந்த தலைப்பை எடுத்துப் பேபியம்மாவின் தோளில் போட்டு, ஒரு பின்னையும் குத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் ராயப்பனுக்குக் கிடையாது. முப்பது வருடம் பேருந்தில் கேட்டுப் பழகவில்லை. எழுந்து வந்து, பேபியம்மாவின் நாற்காலிக்கு அந்தப் பக்கம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பேபிம்மா, நீங்க டூட்டி முடிச்சு எறங்குங்க. மீதி ரெண்டு ஜக்குல ஜாபஸ் பங்கு எனக்கு. உங்க பங்கும் எனக்கு” என்றார்.

அமல்ராஜுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூடிவைத்துவிடலாமா, இப்படியொரு விஷயம் தெரியாமல் வற்புறுத்திவிட்டேனே என்று ஜாபஸிடம் கேட்டார். பதினைந்து வருடம் காத்தீர்கள், குடியுங்கள், நான் வேறு பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான் ஜாபஸ். அப்படியே குடிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மோரோடு உட்கார்ந்தான். ஐந்தாவதும் ஆறாவதும் எப்படி இருந்தன என்று அவன் கேட்கவில்லை. அவர்களும் குரலைத் தாழ்த்தியே பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பியபோது கடைகள் இன்னும் மூடவில்லை. பேபியம்மாவை நடுவில் விட்டு ஜாபஸும் ஹெலினாவும் இரு பக்கமும் நடந்தார்கள். தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கின. பேபியம்மா ஒவ்வொன்றுக்கும் கீழே தலையைக் குனிந்து நடந்தார். அவை ஓர் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. எப்படித் தெரிந்தது என்று ஹெலினாதான் கேட்டாள்.

எல்லோரும் ஜக்கைப் பார்க்கும்போது ஒருத்தன் மட்டும் காலண்டரைப் படித்தால் தெரியாதா, என் வீட்டுக்காரரும் அப்படிக் காலண்டர் பார்த்தவர்தான் என்றார் பேபியம்மா. அவர் என்ன ஆனார் என்று ஹெலினா கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பேபியம்மாவே நின்று சொன்னார்:

“துப்பக் கூடாதுன்னு சட்டம் போட்டவ நானு. அப்ப அதை நான்தானே குடிக்கணும்? உன்னியப் போய்க் குடிக்கச் சொல்ல முடியுமா?”

அவர் வீட்டு வாசலில் சாவி பூட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் பட்டது. துவாரத்தில் மட்டும் படவில்லை. இந்த விஷயத்தில் ஜாபஸுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அவர் இடது கட்டைவிரலைப் பிடித்துத் துவாரத்தின் விளிம்பில் வைத்து, நகத்தை ஒட்டியே சாவியை இறக்கச் சொன்னான். முதல் முறையிலேயே இறங்கியது. ஹெலினா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தொடர்ந்து வரிசையாகச் சொன்னான்: படுக்குமுன் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும், கட்டில் சுற்றினால் ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும், நின்றுவிடும், காலையில் காபி கூடாது, உப்புப் போட்ட மோர். தன் வாழ்க்கையில் வெட்கப்பட வேண்டிய வருடங்களில் கற்றவை அனைத்தையும் அன்று அவன் முதன்முதலாக இன்னொருவருக்குக் கொடுத்தான். ஹெலினா இரவு அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. காலைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்கிற முறை பேபியம்மாவுடையது. அவர் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஜாபஸ் மோரோடு போனபோது புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வலி எப்போது நிற்கும் என்று கேட்டார்.

“பதினோரு மணிக்கு மேல” என்றான் ஜாபஸ், சந்தேகமில்லாமல். “அதுவரைக்கும் பக்கத்துல யாரும் சத்தம் போடாம இருந்தா தாங்கிடலாம்.”

ஆனால் கிறிஸ்துமஸ் காலத்துப் பூசை. பாடற்குழுவில் கீபோர்டும் ரிதம் பேடும் உண்டு. பேபியம்மா வாசகம் படிக்கிற மேடைக்கு இரண்டடி தள்ளித்தான் ஸ்பீக்கர். பேட் வாசிக்கிற கன்னியப்பன் மாங்காட்டிலிருந்து திருவிழாக் காலத்துக்கு மட்டும் வருகிறவன். ஆடி மாதம் அம்மனுக்கு என்ன வேகத்தில் வாசிப்பானோ அதே வேகத்தில்தான் குழந்தை ஏசுவுக்கும் வாசிப்பான்.

ஜாபஸ் வழக்கமாகக் கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், வாசலையொட்டி நிற்பான். அன்று பூசைக்கு முன் எல்லோரும் பார்க்க முன்னால் நடந்து போய்க் கன்னியப்பனிடம் குனிந்து, இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக வாசிக்க முடியுமா என்று கேட்டான்.

கன்னியப்பன் குச்சியை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏன் அண்ணாத்தே, இன்னா மேட்டரு?”

ஜாபஸ் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் பேபியம்மா வாசகப் புத்தகத்தை மடியில் வைத்து, நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத்தான்பா” என்றான். “தலைவலி.”

கன்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது, அவனுக்குப் புரிந்தது தப்பு என்பது வேறு விஷயம். நேத்து நைட்டு ஓவரா அண்ணாத்தே என்று கண்ணடித்து, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கணிசமாகக் குறைத்தான். ஜாபஸ் மறுக்கவில்லை. அங்கேயே, பேபியம்மாவோடு முன்வரிசையில் இருந்த ஹெலினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பேபியம்மா மேடையேறி, சீராக்கின் ஞான நூல் பகுதியை ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்து இறங்கினார். அன்றைய பாடல்கள் எல்லாமே தாழ்ந்து ஒலித்தன. பங்கு மக்களில் சிலர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்ததில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.